அப்பாவின் வீல்சேரை அந்த மண்டோருக்குக் கொடுக்கலாமா?

பீடோங்_பையன் (வெள்ளி, இரவு 11.12)

எல்லாருக்கும் வணக்கம். பெயரில்தான் பையன், வயது 58. பல வருடமாக இங்கே படிப்பதோடு சரி. இன்று எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

நான் பிறந்தது மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய்த் தாமான் (புதுக் குடியிருப்பு) வந்தது. எங்கள் லயன் (தொழிலாளர் வரிசை வீடுகள்) நின்ற இடத்தில் கார் கழுவும் கடை இருக்கிறது. கோயிலை மட்டும் தூக்கி ரோட்டோரம் வைத்திருக்கிறார்கள். தோட்டத்து ஆட்களில் பாதிப் பேர் அதே தாமானில்தான் வீடு வாங்கினோம். அதனால் பழைய சிநேகமும் பழைய பகையும் இரண்டு தெரு தள்ளி அப்படியே குடியிருக்கின்றன.

நேற்று சாயங்காலம் ஒரு பெண் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டார். "அண்ணே, உங்க வீட்டுல வீல்சேர் ஒன்னு சும்மா இருக்காம், கோயில்ல சொன்னாங்க. எங்கப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு ஒடஞ்சிருச்சி. ஆப்பரேசன் முடிஞ்சி வீட்டுக்குக் கூட்டியாந்துட்டோம். கொஞ்ச நாளைக்குக் கொடுத்தீங்கன்னா நல்லாருக்கும்."

யார் வீடு என்று கேட்டேன். சொன்னார். எங்கள் தோட்டத்துப் பழைய மண்டோரின் (வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரி) கடைசி மகள். தொண்ணூறு வயதாகிவிட்டதாம் அவருக்கு. இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். அப்போது அது பிறந்திருக்கவே இல்லை. அம்மா தூங்குகிறார், கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அம்மா தூங்கவில்லை. கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

1977இல் எனக்குப் பதினோரு வயது. அப்பா மேட்டுக்காட்டில் பதினேழாம் நம்பர் நிரையில் (மர வரிசையில்) பால் வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஸ்டோரில் பாலை எடை போட்ட பிறகு, "பதினேழாம் நிரை பாலில் தண்ணீர் கலந்திருக்கு" என்று மண்டோர் கிராணியிடம் (தோட்டத்துக் கணக்கரிடம்) எழுதிக் கொடுத்துவிட்டார். மறுநாள் காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) அத்தனை பேர் முன்னால் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டு வேலை இல்லை என்றார்கள். மூன்று நாளில் லயனைக் காலி செய்ய வேண்டும். சங்கத்து ஆள் ஒருவர் வந்து ஏதோ எழுதிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை.

அண்ணன் படிப்பை விட்டான். வேறொரு தோட்டத்தில் அம்மா புல்வெட்டுக்குப் போனார். அப்பாவுக்கு இன்னொரு இடத்தில் வேலை கிடைத்தது, ஆனால் "தண்ணிப்பால்" என்ற பெயர் அவருக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. சாகும்வரை அவர் காப்பியில்கூடத் தண்ணீர் அதிகம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, முகம் மாறிவிடும்.

அப்பா இறந்து நான்கு வருடம். கடைசி இரண்டு வருடம் அவர் உட்கார்ந்திருந்த வீல்சேர் அது. அம்மா அதன்மேல் ஒரு சேலையைப் போர்த்தி வைத்திருக்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?


கூலிம்_காளை (வெள்ளி, இரவு 11.40)

கொடுக்காதீர்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வீல்சேர் உடைந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள். எங்கள் தோட்டத்திலும் ஒரு மண்டோர் இருந்தார், தராசில் கை வைத்து நிறுப்பார். செத்தபோது நான் போகவில்லை. இன்றுவரை அதற்காக ஒரு வேளைச் சோறு எனக்கு இறங்காமல் போனதில்லை.


சின்னவன்_ஜேபி (சனி, காலை 5.05)

சிங்கப்பூர் கஸ்டம்ஸ் வரிசையில் நின்றுகொண்டு எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும். அங்கிள், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இது ஒரு நாற்காலிதானே? அவருக்கு 90 வயது. 47 வருடம் ஆகிவிட்டது.


கூலிம்_காளை (சனி, காலை 7.20)

தம்பி, 47 வருடம் என்கிறாய். நாள் போனால் கடன் குறைந்துவிடும் என்று எந்த பேங்க்காவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா?


கிராணி_மகன் (சனி, காலை 9.15)

சிரம்பானிலிருந்து. என் பெயரைப் பார்த்ததுமே சிலருக்குக் கோபம் வரும், தெரியும். அப்பா யாழ்ப்பாணத்துக் குடும்பம், முப்பது வருடம் தோட்டத்தில் கிராணி. எங்கள் பங்களா லயனுக்கும் துரை பங்களாவுக்கும் நடுவில். எந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் எங்களோடு விளையாட வரமாட்டார்கள்.

பீடோங் அண்ணே, ஒரு தொழில் விஷயம் சொல்கிறேன். நியாயம் சொல்ல வரவில்லை. மரத்துப் பாலில் முப்பது முதல் நாற்பது சதவீதம்தான் ரப்பர். மிச்சத்தில் பெரும்பங்கு தண்ணீர்தான். ஸ்டோரில் மெட்ரோலாக் என்ற மிதவையைப் போட்டு எவ்வளவு கெட்டி என்று பார்ப்பார்கள். பால் வடியும் மங்கில் மழைத்தண்ணீர் இறங்கினால் அளவு இறங்கிவிடும். அது போக, 1970களில்தான் எத்தெஃபோன் மருந்தை மரப்பட்டையில் பூசும் பழக்கம் தோட்டங்களில் பரவியது. பூசினால் பால் நிறைய வடியும், ஆனால் நீர்த்துப்போய் வரும். எந்த நிரைக்கு எப்போது பூசினார்கள் என்பது ஆபீசுக்குத் தெரியும், வெட்டுகிறவருக்கு யாரும் விளக்கிச் சொல்லமாட்டார்கள். உங்கள் அப்பா ஒரு சொட்டுகூடக் கலக்காமலே அந்த மிதவை "தண்ணீர்" என்று காட்டியிருக்கலாம்.

இன்னொன்று. என் தாத்தா காலத்தில் கிராணியோ துரையோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தபோது, சம்பள உயர்வோடு இந்தச் சைக்கிள் வழக்கத்தை நிறுத்தச் சொன்னதும் ஒரு கோரிக்கை. பள்ளியில் இதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வயதான பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு என் தாத்தா சைக்கிளை விட்டு இறங்க வேண்டியில்லாத பக்கம் இருந்திருக்கிறார் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.


ராணி_டீச்சர் (சனி, காலை 10.02)

தெலுக் இந்தானிலிருந்து எழுதுகிறேன். தம்பி, நீளமாக எழுதியிருக்கிறீர்கள், நன்றாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதில் அம்மா புல்வெட்டப் போகிறார், சேலை போர்த்துகிறார், கதவுக்குப் பின்னால் நிற்கிறார். அவர் என்ன சொல்கிறார் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. வீல்சேர் அவர் வீட்டில்தானே இருக்கிறது?


பீடோங்_பையன் (சனி, மதியம் 1.30)

டீச்சர், தலையில் குட்டியது போல இருந்தது. உடனே போய்க் கேட்டேன்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "நாம லயன விட்டு வந்தப்ப ஒரு அடைக்கோழி இருந்துச்சி. பன்னெண்டு முட்டை. இன்னும் அஞ்சு நாள்ல பொரிச்சிருக்கும். தூக்கிட்டு வர முடியாதுல்ல, எழுப்புனா முட்டை கெட்டுப்போயிரும். மண்டோர் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டு வந்தேன், பொரிச்சதும் ஆள் அனுப்புறேன்னு. அனுப்புனேன். கோழியே இல்லன்னுட்டா."

அவ்வளவுதான் சொன்னார். நான் இந்தக் கோழிக் கதையை இதுவரை கேட்டதே இல்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் அப்பாவின் மானத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

கிராணி மகன் ஐயா, மருந்து பூசிய கதை எனக்குப் புதியது. நன்றி. நாளைக்கு லூனாசில் அத்தை வீட்டுக்குப் போகிறேன். அப்பாவின் அக்கா, 88 வயது, ஞாபகம் கூர்மையாக இருக்கிறது. அவருக்கு மண்டோர் குடும்பத்தைச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.


நெறியாளர் (சனி, மாலை 4.00)

தோட்டத்தின் பெயர், மண்டோரின் பெயர் கேட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அந்த மகளும் இந்த இழையைப் படிக்கக்கூடும் என்று நினைத்து எழுதுங்கள்.


பீடோங்_பையன் (ஞாயிறு, இரவு 9.48)

அத்தை வீட்டிலிருந்து வந்துவிட்டேன். வழியில் இரண்டு இடத்தில் காரை நிறுத்த வேண்டியதாயிற்று. எழுதவா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன்.

அத்தையிடம் மண்டோர் பேச்சை எடுத்ததும், "அவனா, சயாமுக்குப் போனவன் மவன்தானே" என்றார். 1943இல் ஜப்பான்காரன் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ரயில் போட ஆள் கேட்டான். எங்கள் தோட்டத்திலிருந்து இத்தனை தலை என்று கணக்கு. முதலில் விரும்பிப் போனவர்கள் உண்டு, மூன்று மாதம்தான், நல்ல கூலி, அரிசி என்றெல்லாம் ஆசை காட்டியிருக்கிறார்கள். போனவர்கள் யாரும் திரும்பவில்லை என்றதும் அடுத்த முறை யாரும் பெயர் கொடுக்கவில்லை. அப்போது ஒரு பட்டியல் தயாரானது. அதில் மண்டோரின் அப்பா பெயர் இருந்தது. லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அதோடு சரி. பையனுக்கு எட்டோ ஒன்பதோ வயது. அம்மாக்காரி மரவள்ளிக்கிழங்கை வைத்து வளர்த்திருக்கிறார். ஆளில்லாத வீடு என்று லயனில் கடைசி அறைக்குத் தள்ளிவிட்டார்களாம்.

இதைக் கேட்டதும் எனக்கு ஏதோ கதவு திறந்தது போல இருந்தது. சரி, இப்படி அடிபட்டு வளர்ந்தவன் அப்படித்தான் ஆகியிருப்பான், வீல்சேரைக் கொடுத்துவிடலாம் என்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம் கேட்டேன், "பட்டியல் யாரு அத்தை எழுதுனது?"

அத்தை வெற்றிலையை மடித்து முடிக்கிறவரை பேசவில்லை. "உங்க தாத்தாதான்டா கங்காணி. வேற யாரு எழுதுவா?"

எங்கள் வீட்டு ஹாலில் தாத்தாவின் படத்துக்குத் தினமும் நான்தான் ஊதுபத்தி காட்டுகிறேன்.


தண்டவாளம் (திங்கள், அதிகாலை 12.35)

அண்ணே, முதலில் ஒரு தண்ணீர் குடியுங்கள்.

என் தாத்தா அந்த ரயிலுக்குப் போய்த் திரும்பி வந்தவர். அதனால் நான் அந்த ரயில் பாதையில் இருக்கும் காஞ்சனபுரிக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். அந்தப் பாதை தாய்லாந்தின் பான்போங் பக்கமிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர். 1942 நடுவில் ஆரம்பித்து 1943 அக்டோபரில் இணைத்துவிட்டார்கள், மழையிலும் காலராவிலும். வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேல், அவர்களில் செத்தவர்கள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். நம்மவர்கள், பர்மியர், ஜாவாக்காரர் எல்லாரையும் சேர்த்தால் ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு, சாவும் அப்படியே. காஞ்சனபுரி மயானத்தில் கைதிகளுக்குக் கிட்டத்தட்ட ஏழாயிரம் கல்லறைகள் வரிசையாக, புல் வெட்டி, பெயர் பொறித்து இருக்கின்றன. நம்மவர்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. நான் அங்கே நின்று தாத்தாவின் கூட்டாளிகள் பெயரை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். தாத்தா சொன்னதில் நான்கு பெயர்தான் எனக்கு நினைவிருந்தது.

அங்கே கேட்ட ஒரு கதை. எரிக் லோமாக்ஸ் என்று ஒரு பிரிட்டிஷ் அதிகாரி, சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்டவர். 1943இல் ரகசியமாக ரேடியோ வைத்திருந்ததற்காக அவரைச் சித்திரவதை செய்தார்கள். விசாரணையில் மொழிபெயர்த்தவர் நாகாசே தகாஷி என்ற இளைஞர். லோமாக்ஸ் ஐம்பது வருடம் அந்தக் குரலை மனதில் வைத்துக் கொல்ல நினைத்துக்கொண்டிருந்தார். நாகாசேயோ போர் முடிந்ததும் கைதிகளின் கல்லறைகளைத் தேடும் குழுவுக்கு மொழிபெயர்க்கப் போய், அங்கே பார்த்ததில் மனிதரே மாறிவிட்டார். திரும்பத் திரும்பத் தாய்லாந்துக்கு வந்து, அந்த ரயில் பாதையின் க்வாய் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் கோயில் கட்டினார். 1993இல் அதே பாலத்தருகே இருவரும் சந்தித்தார்கள். கடைசியில் நண்பர்களாகிவிட்டார்கள்.

பட்டியல் எழுதிய கங்காணிகளைப் பற்றி என் தாத்தா ஒன்று சொல்வார். எழுதாவிட்டால் அவன் பெயர்தான் முதல் பெயர்.


கூலிம்_காளை (திங்கள், காலை 8.10)

பாலத்துக் கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கவனியுங்கள், அந்த ஜப்பான்காரர் ஐம்பது வருடம் வருந்தியிருக்கிறார். இங்கே வருந்தியது யார்? மகள் வந்து வீல்சேர் கேட்கிறாள், அவ்வளவுதான்.

பீடோங் அண்ணே, உங்கள்மேல் கோபம் இல்லை. ஆனால் நீங்கள் போகிற பாதை எனக்குப் பிடிக்கவில்லை. தாத்தா பட்டியல் எழுதினார், அதற்கு மண்டோர் பழிவாங்கினார், கணக்குச் சரியாகிவிட்டது என்று ஒரு கதை கட்டிக்கொண்டால் உங்கள் மனசு லேசாகிவிடும். உங்கள் அப்பா அந்தப் பட்டியல் எழுதியபோது ஐந்து வயதுப் பிள்ளை. அவர் எந்தக் கணக்கில் வருகிறார்?


ராணி_டீச்சர் (திங்கள், காலை 9.30)

காளைத் தம்பி எப்போதும் முட்டுவார், இன்று சரியான இடத்தில் முட்டியிருக்கிறார்.

வலியைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்கிறேன். என் தங்கை கணவர் சிறு வயதில் ரோத்தான் அடி வாங்கியே வளர்ந்தவர். அவருடைய அப்பா சம்சு குடித்துவிட்டு வந்து கட்டிலில் கட்டிப்போட்டு அடிப்பாராம். தங்கை கணவரும் ஏன் கை நீட்டுகிறவர் ஆனார் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் நன்றாகப் புரிந்தது. புரிந்து புரிந்தே பதினான்கு வருடம் தங்கையை அங்கேயே விட்டு வைத்தோம். "பாவம், அவனுக்கும் வலி" என்பார் அம்மா. தங்கையின் இடது கை இன்றும் முழுதாக மடங்காது.

இப்போது அவர் நோயாளி. தங்கை வாரம் ஒருமுறை மீன் குழம்பு வைத்து மகனிடம் கொடுத்தனுப்புகிறாள், ஆனால் அந்த வீட்டுப் படி ஏறமாட்டாள். மன்னித்துவிட்டாயா என்று ஒரு நாள் கேட்டேன். "மீன் மலிவா கெடச்சிச்சி" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.


சின்னவன்_ஜேபி (திங்கள், இரவு 10.15)

நான் முதலில் எழுதியதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். வெறும் நாற்காலி இல்லை.

ஒரு சந்தேகம் மட்டும். அந்த மண்டோருக்குப் பட்டியல் விஷயம் தெரியுமா? அவர் தெரிந்துதான் செய்தார் என்று யாரும் இன்னும் சொல்லவில்லையே.


பீடோங்_பையன் (புதன், இரவு 10.20)

சின்னவா, நீ கேட்ட கேள்விதான் என்னை அங்கே போகவைத்தது. நேற்று போனேன். கையில் வீல்சேர் இல்லை, ஒரு சீப்பு வாழைப்பழம்.

முன்ஹாலிலேயே கட்டில் போட்டிருக்கிறார்கள். காதில் விழாததால் டிவி அலறிக்கொண்டிருந்தது. பெரட்டுக் களத்தில் அந்த ஆள் டார்ச்லைட்டோடு வந்தால் லயனே அடங்கும். இப்போது போர்வைக்குள் ஒரு பிள்ளை படுத்திருப்பது போலிருக்கிறார். மகள் டிவியை நிறுத்திவிட்டு, "அப்பா, யாரு வந்திருக்காங்க பாருங்க" என்றார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பதினேழாம் நெரை மவன்."

அப்பாவின் ஜாடை எனக்கு உண்டு என்பார்கள். ஆனாலும் 47 வருடம் கழித்து நிரை நம்பரைச் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. மகள் காப்பி கலக்க உள்ளே போனார். நான் வாயைத் திறக்கும் முன் அவரே சொன்னார்.

"உங்கப்பன் தண்ணி கலக்கல."

என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். எல்லாம் மறந்துபோயிற்று.

"ஒரு மாசமா ஸ்டோர் கணக்கு ஒதச்சிக்கிட்டு இருந்துச்சி. தொர கிராணிய ஏசுனாரு, கிராணி என்னைய ஏசுனாரு. சாயங்காலத்துக்குள்ள ஒரு பேரு வேணும்னாங்க. எனக்குச் செவப்பு ஐசி. பொறந்தது இங்கதான், ஆனா பொறந்த சூராட் (சான்றிதழ்) இல்ல, எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தொர கையெழுத்துப் போட்டாத்தான் எனக்கு வேலை பர்மிட்டு. அந்த நேரத்துல பர்மிட்டு இல்லாம எத்தன பேரு கப்பல் ஏறுனான் தெரியும்ல."

தெரியும். சிவப்பு ஐசி என்றால் குடியுரிமை இல்லாதவரின் அடையாள அட்டை. 1969 கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பர்மிட் கட்டாயமாக்கினார்கள். எங்கள் பக்கத்து லயன் குடும்பமே பானை சட்டியை விற்றுவிட்டு, பார்த்திராத ஊருக்குக் கப்பல் ஏறிற்று. நான் சின்னப் பிள்ளை, கை காட்டினேன்.

"எங்கப்பா பேர ஏன் கொடுத்தீங்க?" என்று கேட்டேன். குரல் நடுங்கிற்று, வெட்கமாக இருந்தது.

நிஜமாகவே யோசித்தார். "உங்கப்பன் சத்தம் போடமாட்டான்."

நான் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டேன், உங்கள் அப்பா சயாமுக்குப் போனாரே, அவர் பெயரைக் கொடுத்தது யார் என்று தெரியுமா என்று.

"அது யாருக்குத் தெரியும். அம்மாகிட்ட கேட்டுக்கிட்டே இருப்பேன். ஜப்பான்காரன் பேரு கேட்டான், யாரோ ஒரு பேரச் சொன்னாங்க, அவ்வளவுதான்டான்னு சொல்லும். அதுக்கு மேல வாயத் தொறக்காது."

ஆக அவருக்குத் தெரியவே தெரியாது. காளை சொன்னது சரி, நான் கட்டிய கதைக்கு அஸ்திவாரமே இல்லை. அவர் எங்கள் குடும்பத்தைப் பழிவாங்கவில்லை. அவரிடம் ஒரு பெயர் கேட்டார்கள், கொடுத்தார்.

தாத்தாவைப் பற்றி வாய்வரை வந்தது, ஆனால் சொல்லவில்லை. மகள் காப்பியோடு வந்துவிட்டார், குடித்தேன், நல்ல காப்பி. கிளம்பும்போது, "ஒங்கம்மா இருக்காங்களா?" என்றார். இருக்காங்க என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நானும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொன்னால் சினிமா வசனம் மாதிரி இருந்திருக்கும்.


கிராணி_மகன் (புதன், இரவு 11.05)

சாயங்காலத்துக்குள் ஒரு பெயர் வேண்டும் என்று கேட்டது கிராணி. உங்கள் தோட்டத்துக் கிராணி யார் என்று எனக்குத் தெரியாது. என் அப்பா இல்லை, அவர் கெடா பக்கமே வந்ததில்லை. இருந்தாலும் அந்த வரியைத் தாண்டிப் படிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.


கூலிம்_காளை (வியாழன், காலை 7.45)

தாத்தாவைப் பற்றிச் சொல்லாமல் வந்தது நல்லதா கெட்டதா என்று இரவெல்லாம் யோசித்தேன். சொல்லியிருந்தால் யாருக்காகச் சொல்லியிருப்பீர்கள்? அந்த மனிதருக்காகவா, உங்கள் பாரம் இறங்குவதற்காகவா? ஆனால் அவர் தொண்ணூறு வயதுவரை கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்குப் பதில் உங்கள் கையில் இருக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்திருந்தால்? தெரியவில்லை அண்ணே. எனக்கே இப்படி ஒரு பதில் வரும் என்று நினைக்கவில்லை.


தண்டவாளம் (வியாழன், காலை 11.20)

எனக்கு ஒரு கோரிக்கை. அவருடைய அப்பாவின் முழுப் பெயர், தமிழ்நாட்டில் எந்த ஊர் என்பதை மட்டும் எப்போதாவது கேட்டு எழுதி வையுங்கள். இங்கே போட வேண்டாம், உங்களிடம் இருக்கட்டும். அடுத்த முறை காஞ்சனபுரி போகும்போது சொல்ல எனக்கு ஐந்தாவது பெயர் கிடைக்கும்.


ராணி_டீச்சர் (வியாழன், மதியம் 12.00)

அம்மா?


பீடோங்_பையன் (வியாழன், இரவு 8.50)

டீச்சர் விடமாட்டார் என்று தெரியும்.

அன்று இரவே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பட்டியல் உட்பட. தாத்தாவைப் பற்றி அம்மாவுக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது, ஆச்சரியப்படவில்லை. அப்பா தண்ணீர் கலக்கவில்லை என்று அந்த ஆளே சொன்னார் என்றதும், "அது எனக்குத் தெரியாதா, அவன் என்ன சொல்றது" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். ஐந்து நிமிடம் கழித்து அங்கிருந்தே குரல் வந்தது.

"கோழியப் பத்திக் கேட்டியா?"

கேட்கவில்லை என்றேன். ஆம்பள பிள்ளைய அனுப்புனா இப்படித்தான் என்றார்.

இன்று காலை பசியாறும்போது அவரே பேச்சை எடுத்தார். "உங்கப்பா ஒக்காந்த வண்டியக் கொடுக்காத. அது இங்கயே இருக்கட்டும். வேற ஒன்னு புதுசா வாங்கிக் கொடு." சேலை முடிச்சிலிருந்து முந்நூறு வெள்ளி (ரிங்கிட்) எடுத்து மேசையில் வைத்தார். நான் வாங்குகிறேன் அம்மா, காசை உள்ளே வையுங்கள் என்றேன். "என் காசுலதான் வாங்கணும். யாரு கொடுத்ததுன்னு அந்தப் புள்ளகிட்ட சொல்லு. நான் வரமாட்டேன்."

தாத்தா படத்துக்கு இன்று யார் ஊதுபத்தி காட்டுவது என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. அம்மா காட்டிவிட்டார், எப்போதும் போல.

சரி, இப்போது ஒரு நடைமுறைக் கேள்வி. சுங்கை பட்டாணியில் முந்நூறு வெள்ளிக்குள் நல்ல வீல்சேர் கிடைக்குமா? அப்பாவுடையது பழைய மாடல், கனம் அதிகம். இப்போது எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை.


சின்னவன்_ஜேபி (வியாழன், இரவு 9.30)

அங்கிள், என் பாட்டிக்கு வாங்கிய அனுபவத்தில் சொல்கிறேன். இடுப்பு ஆப்பரேசன் ஆனவர் என்பதால் கைப்பிடியைத் தூக்கி மடக்கக்கூடிய வகையாகப் பாருங்கள். கட்டிலிலிருந்து பக்கவாட்டில் நகர்த்தி உட்கார வைக்கலாம், தூக்க வேண்டியதில்லை. மகள் ஒருத்திதானே பார்த்துக்கொள்கிறார். விலை கொஞ்சம் கூடும். வாங்கும் முன் பாத்ரூம் கதவின் அகலத்தை அளந்துகொண்டு போங்கள், எங்கள் வீட்டில் அதை மறந்துவிட்டு கதவை உடைக்க வேண்டியதாயிற்று.


பீடோங்_பையன் (வியாழன், இரவு 9.41)

நன்றி சின்னவா. நாளைக்கு அளவு நாடாவோடு போகிறேன்.